கேட்காமலே வந்த ஆல்பம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பாட்டு லைப்ரரியைத் திறக்கிறீர்கள். நீங்கள் வாங்காத, தேடாத, சிலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு குழுவின் ஆல்பம் அங்கே இருக்கிறது. அழிக்கப் போனால் அழிக்கும் பட்டனே வரவில்லை. எப்படியோ அழித்தாலும் மறுநாள் திரும்ப வந்துவிடுகிறது. 2014 செப்டம்பரில் ஆப்பிள் சாதனம் வைத்திருந்த ஏராளமான பேருக்கு இது நடந்தது. அந்தக் காலத்துக் கணக்கை வைத்துப் புது போனில் உள்நுழைபவர்களுக்கு இன்றும் அதே ஆல்பம் தென்படலாம். அதை எப்படி நீக்குவது, ஏன் அப்படி நடந்தது, நீங்கள் உருவாக்கும் மென்பொருளில் அதே தவறு நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

பின்னணி சுருக்கமாக. 2014 செப்டம்பர் 9 அன்று குபர்டினோ நகரின் ஃபிளின்ட் சென்டரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 6, ஆப்பிள் வாட்ச் இரண்டையும் அறிமுகம் செய்தது. நிகழ்ச்சியின் கடைசியில் அயர்லாந்தின் யூ2 குழு மேடையேறிப் பாடியது. பிறகு ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக்கும் குழுவின் பாடகர் போனோவும் சேர்ந்து, யூ2வின் புதிய ஆல்பமான ‘சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்’ அந்த நொடியிலிருந்தே ஆப்பிளின் இசைக் கடையான ஐடியூன்ஸின் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். 119 நாடுகள், சுமார் 50 கோடிக் கணக்குகள். அரங்கில் கைதட்டல். வெளியே சில மணி நேரத்திலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு பாட்டு உங்களிடம் ‘இருக்கிறது’ என்றால் அது மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, போனின் நினைவகத்தில் உண்மையான கோப்பாக. இரண்டு, கோப்பு எதுவும் இல்லாமல் லைப்ரரித் திரையில் தெரியும் பெயராக மட்டும். பக்கத்தில் ஒரு மேக அடையாளம் இருக்கும். மூன்று, உங்கள் கணக்கின் ‘வாங்கியவை’ பட்டியலில் ஒரு பதிவாக. இந்த மூன்றாவது பதிவு போனில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ஆப்பிள் அன்றைக்குச் செய்தது அந்த மூன்றாவது இடத்தில் எழுதியது. மற்ற இரண்டும் அதன் விளைவுகள். அதனால்தான் போனில் எதை அழித்தாலும் வேர் அப்படியே இருந்தது.

அறிகுறி: யார் இவர்கள்? போனை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

முதலில் இதைத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். 2014இல் நிறைய இளைஞர்கள் இதே கேள்வியைத்தான் ட்விட்டரில் கேட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி மிக நியாயமானதாகவே படுகிறது. கணக்கில் தெரியாத பொருள் ஒன்று முளைத்தால் சந்தேகப்படுவதுதான் சரியான பழக்கம். அப்படிச் சந்தேகப்படத்தான் பாதுகாப்பு வல்லுநர்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

உங்கள் கணக்கின் கொள்முதல் வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே உங்கள் பெயரைத் தொட்டு, ‘மீடியா அண்ட் பர்ச்சேசஸ்’ வழியாகக் கணக்கைத் திறந்தால் ‘பர்ச்சேஸ் ஹிஸ்டரி’ இருக்கும். தெரியாத ஆல்பம் பூஜ்ய விலையில் வந்திருந்தால், தேதியும் 2014 செப்டம்பர் அல்லது அக்டோபர் என்றால், கவலையில்லை, இந்த ஆல்பம்தான். ஆனால் நீங்கள் வாங்காத வேறு பொருளுக்குப் பணம் போயிருந்தால் அது வேறு நோய். பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள், உங்கள் கணக்கில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் தெரியாதது இருந்தால் நீக்குங்கள். அதன் பிறகு ஆல்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஆல்பம் தெரிகிறது, ஆனால் அழிக்கும் வழியே வரவில்லை

பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் மேக அடையாளம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோப்பு உங்கள் போனில் இல்லை. இல்லாத கோப்பை அழிக்க முடியாது. 2014இல் பலரைக் குழப்பியது இதுதான். இடது பக்கம் தள்ளினால் அழிக்கும் பட்டன் வர வேண்டும், ஆனால் வரவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். போன் சரியாகத்தான் வேலை செய்தது. இறங்காத பாட்டுக்கு அது எதையும் காட்டாது.

அப்போதிருந்த ஒரே அவசர வழி, செட்டிங்ஸில் மியூசிக் பகுதிக்குப் போய் ‘ஷோ ஆல் மியூசிக்’ என்பதை அணைப்பது. அணைத்தால் ஆல்பம் திரையிலிருந்து மறையும். கூடவே நீங்கள் காசு கொடுத்து வாங்கி, மேகத்தில், அதாவது நிறுவனத்தின் சர்வரில், வைத்திருந்த மற்ற பாட்டுகளும் மறையும். வேண்டாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் இழக்கச் சொன்ன ஏற்பாடு அது. இப்போதைய பதிப்புகளில் அந்த இடம் மாறிவிட்டது. இன்று உங்களுக்குத் தேவை மறைக்கும் வழி. கீழே ‘திரும்பத் திரும்ப வருகிறது’ பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: போனில் இடம் காணாமல் போயிருக்கிறது

மேக அடையாளம் இல்லையென்றால் கோப்பு உண்மையிலேயே இறங்கிவிட்டது. தானாக எப்படி இறங்கும்? ‘ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரு சாதனத்தில் வாங்கிய பாட்டு, கேட்காமலே மற்ற சாதனங்களுக்கும் வந்துவிட வேண்டும் என்பதற்காக வைத்தது. நல்ல வசதி, அதை இயக்கி வைத்ததில் யாருடைய தவறும் இல்லை. கணினியில் வாங்கினேன், போனில் வந்திருக்கிறது, சந்தோஷம் என்று இருந்தவர்கள் அவர்கள். அந்த அனுமதியை அவர்கள் கொடுத்தது தாங்கள் வாங்கும் பாட்டுகளுக்கு. ஆல்பம் ‘வாங்கியவை’ பட்டியலில் எழுதப்பட்டதால், அதே அனுமதி அவர்கள் வாங்காத பாட்டுக்கும் பயன்பட்டுவிட்டது. இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் உறுத்துவது இந்த ஒரு இடம்தான். ஒரு விஷயத்துக்காக நம்பிக் கொடுத்த அனுமதி, கொடுத்தவருக்குத் தெரியாமல் வேறொரு விஷயத்துக்குச் செலவாகிவிட்டது.

இடம் எவ்வளவு போயிருக்கும்? ஆல்பத்தில் 11 பாட்டுகள், மொத்தம் சுமார் 48 நிமிடம். ஐடியூன்ஸ் பாட்டுகள் வினாடிக்கு 256 கிலோபிட் தரத்தில் வருபவை. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 90 எம்பி. இன்றைக்கு இது பெரிதில்லை. அன்றைக்கு ஐபோன் 6இன் அடிப்படை மாடலிலேயே மொத்தம் 16 ஜிபிதான், அதில் இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக மிச்சம். அதே மாதம் 17ஆம் தேதி அந்த இயங்குதளத்தின் புதிய பதிப்பான ஐஓஎஸ் 8 வந்தது. அதை நேரடியாக போனிலேயே நிறுவ ஏறத்தாழ 5 ஜிபி காலியிடம் கேட்டது. போட்டோவை அழிக்கலாமா, வீடியோவை அழிக்கலாமா என்று ஒவ்வொருவரும் தடவித் தடவி இடம் தேடிக்கொண்டிருந்த வாரத்தில், கேட்காத 11 பாட்டுகள் உள்ளே உட்கார்ந்திருந்தன. கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ள இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, நீக்கும் முறை. முதலில் குழாயை மூடுங்கள், பிறகு தண்ணீரைத் துடையுங்கள். செட்டிங்ஸில் மியூசிக் பகுதிக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ்’ அணையுங்கள். ஐஓஎஸ் 18 முதல் செயலிகளின் அமைப்புகள் ‘ஆப்ஸ்’ என்ற தலைப்புக்குள் போய்விட்டன, அங்கே மியூசிக்கைத் தேடுங்கள். 2014இல் இது ‘ஐடியூன்ஸ் அண்ட் ஆப் ஸ்டோர்’ பகுதியில் இருந்தது. பழைய போன் வைத்திருந்தால் அங்கே பாருங்கள். பக்கத்திலேயே மொபைல் டேட்டாவில் இறக்கலாமா என்ற தேர்வும் இருக்கும். டேட்டா அளவோடு பயன்படுத்துபவர்கள் அதையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் கோப்பை அழியுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் என்று போய் மியூசிக்கைத் தொட்டால், இறங்கியிருக்கும் பாட்டுகள் கலைஞர் வாரியாக அளவோடு தெரியும். யூ2 வரிசையை இடது பக்கம் தள்ளி அழித்துவிடலாம். அமைப்பை அணைக்காமல் இதைச் செய்தால் மீண்டும் இறங்க வாய்ப்பு உண்டு. வரிசை முக்கியம்.

அறிகுறி: அழித்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது, புது போனிலும் வருகிறது

பிரச்சினை இப்போது உங்கள் போனில் இல்லை, கணக்கில் இருக்கிறது. போனை மாற்றினாலும், முழுவதுமாக ரீசெட் செய்தாலும், கணக்கு அதேதான் என்றால் பட்டியலும் அதேதான். பத்து வருடம் தொடாமல் வைத்திருந்த கணக்கில் உள்நுழைபவருக்கும் ஆல்பம் தெரிவது இதனால்தான்.

அந்தப் பதிவை மறைப்பதற்குக் கணினிதான் வசதி. மேக் என்றால் மியூசிக் செயலி, விண்டோஸ் என்றால் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் மியூசிக். ஆல்பம் வந்த அதே கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் இரண்டு மூன்று கணக்குகள் புழங்கும் இடங்களில் பாதி நேரம் இங்கேதான் வீணாகிறது. மேலே ‘அக்கவுன்ட்’ மெனுவில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, மியூசிக்கைத் தேர்ந்தெடுத்து, ஆல்பத்தின் அட்டை மேல் மவுஸைக் கொண்டுபோனால் மூலையில் ஒரு பெருக்கல் குறி தோன்றும். அதை அழுத்தினால் மறைக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றதும் மற்ற சாதனங்களிலிருந்தும் அது மறையும். உடனே மறையாவிட்டால் மியூசிக் செயலியை முழுவதும் மூடித் திறந்து கொஞ்ச நேரம் கொடுங்கள். மெனுக்களின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும், பெருக்கல் குறி வரும் இடம் மாறவில்லை.

வாங்கியதைக் குடும்பத்தோடு பகிரும் ‘ஃபேமிலி ஷேரிங்’ வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: நீங்கள் மறைத்த பொருள் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் காட்டப்படாது. ஆனால் அவரவர் கணக்குக்கு வந்தது அவரவர் கணக்கில்தான் மறைக்கப்பட வேண்டும்.

மறைப்பது வேறு, நீக்குவது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பதிவு சர்வரில் இருக்கும், உங்களுக்குக் காட்டாது, அவ்வளவுதான். 2014இல் மக்கள் கேட்டது இதை அல்ல. என் பட்டியலில் இதை எழுத நான் சொல்லவில்லை, அழித்துவிடு என்றார்கள். அதற்கு ஆப்பிளிடம் அப்போது வழியே இருக்கவில்லை. செப்டம்பர் 15ஆம் தேதி, அறிவிப்பு வந்து ஆறு நாள் கழித்து, இந்த ஒரு ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஒரு தனிப் பக்கத்தை ஆப்பிள் திறந்தது. உள்நுழைந்து ஒரு பட்டனை அழுத்தினால் கணக்கிலிருந்தே போய்விடும். ஒரு குறிப்பிட்ட ஆல்பத்தைத் துடைப்பதற்காக இவ்வளவு பெரிய நிறுவனம் தனிக் கருவி செய்ததிலிருந்தே, அனுப்பும்போது திரும்ப எடுக்கும் வழியை யாரும் யோசிக்கவில்லை என்பது தெரிகிறது. 50 கோடிப் பேருக்குப் போகும் எதற்கும் வேண்டாம் என்ற பட்டன் முதல் நாளே தயாராக இருந்திருக்க வேண்டும்.

அறிகுறி: காரில் ஏறினால் தானாகப் பாட ஆரம்பிக்கிறது

எல்லா அறிகுறிகளிலும் நீண்ட நாள் தொல்லை கொடுத்தது இதுதான். கார் ஸ்டீரியோ ப்ளூடூத்தில் இணைந்ததும் போனுக்குப் ‘பாடு’ என்று ஒரு கட்டளை அனுப்பும். கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்த செயலி ஒன்று நினைவில் இருந்தால் போன் அதைத் தொடரும். இல்லையென்றால் மியூசிக் லைப்ரரியில் இருப்பதை எடுக்கும். வேறு செயலிகளில் பாட்டுக் கேட்டு, ஆப்பிளின் லைப்ரரியில் எதையும் வைத்திருக்காதவர்களுக்கு அங்கே இருந்த ஒரே இசை இந்த ஆல்பம். ஆகவே ஒவ்வொரு பயணமும் யூ2வோடு தொடங்கியது. இதில் போனும் குற்றவாளி அல்ல, காரும் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருந்த காலியிடத்தில் அது போய் உட்கார்ந்துவிட்டது.

மேலே சொன்னபடி கோப்பை அழித்து, கணக்கிலும் மறைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வேறேதாவது தானாகப் பாடினால் முதலில் காரின் அமைப்புகளைப் பாருங்கள். சில கார்களில் இணைந்ததும் பாட வேண்டுமா என்பதை அங்கேயே அணைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால் ஐபோனின் ஷார்ட்கட்ஸ் செயலியில் ‘ஆட்டோமேஷன்’ பகுதிக்குப் போய், கார் ப்ளூடூத்தோ கார்ப்ளேயோ இணையும்போது சில வினாடி காத்திருந்து பாட்டை நிறுத்து என்று ஒன்றை உருவாக்குங்கள். காத்திருக்கும் படியை விட்டுவிட வேண்டாம்: கார் அனுப்பும் கட்டளை நிறுத்தும் கட்டளைக்குப் பின்னால் வந்தால் பாட்டு மறுபடி தொடங்கிவிடும்.

அறிகுறி: பரிந்துரைகள் எல்லாம் திசைமாறிவிட்டன

கார் தானாகப் பாடியதையும் நீங்கள் விரும்பிக் கேட்டதாகவே மென்பொருள் எண்ணிக்கொள்ளலாம். ஆப்பிள் மியூசிக்கில் செட்டிங்ஸ் வழியாக ‘யூஸ் லிசனிங் ஹிஸ்டரி’ என்பதைச் சில நாட்களுக்கு அணைத்து வையுங்கள். வேண்டாத பாட்டில் ‘சஜெஸ்ட் லெஸ்’ கொடுங்கள். போதும்.

அறிகுறி: ஆப்பிள் இல்லை, ஆல்பமும் இல்லை, ஆனால் கேட்காத ஏதோ வந்திருக்கிறது

நோய் அதே. விண்டோஸ் 10 வந்த காலத்தில் ஸ்டார்ட் மெனுவில் கேண்டி க்ரஷ் விளையாட்டு தானாக வந்து நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுக்கலாம். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் என்று போய், அவ்வப்போது பரிந்துரைகள் காட்டு என்ற அமைப்பையும் அணையுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் விற்பனைக்கு வரும்போதே உள்ளே வைத்துக் கட்டிய செயலிகள் பலவற்றை நீக்க முடியாது; செயலியின் தகவல் பக்கத்தில் பெரும்பாலும் ‘டிஸேபிள்’ இருக்கும், அதைக் கொடுத்தால் இயங்காது, கண்ணிலும் படாது.

நல்ல நோக்கம் இருந்தால் கேட்கத் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கோவிட் தொடர்பு எச்சரிக்கைச் செயலி ஒன்று ஆண்ட்ராய்டு போன்களில் தானாக வந்து சேர்ந்தது. பயனர் தாமாக இயக்கினால் ஒழிய அது எதையும் செய்யாது என்று கூகுள் விளக்கியது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் மக்கள் பதறினார்கள். உயிர் காக்கும் நோக்கத்தோடு வந்த ஒன்றுக்கே இந்த நிலை என்றால், ஒரு ராக் ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 2009 ஜூலையில் அமேசான், வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டு நாவல்களை அவர்களுடைய கிண்டில் மின்நூல் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது, அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதும் எதிரெதிர் செயல்கள், ஆனால் சாவி ஒன்றுதான். நம் கையில் இருக்கும் கருவியின் உள்ளடக்கத்தை நம்மைக் கேட்காமல் மாற்றும் வசதி யாரிடம் இருக்கிறது என்பது அந்த இரண்டு நாட்களிலும் வெளிப்பட்டது. மக்கள் பொங்கியதன் காரணம் 11 பாட்டுகள் மட்டும் அல்ல என்று நான் நம்புவது இதனால்தான்.

இனி, கொடுத்தவர் பக்கத்து அறிகுறிகள்

செயலி உருவாக்குபவர்கள், இசை வெளியிடுபவர்கள், பயனர்களுக்கு எதையாவது இலவசமாக அனுப்ப நினைப்பவர்கள் இங்கிருந்து படிக்கலாம்.

அறிகுறி: இலவசமாகத்தானே கொடுத்தோம், ஏன் திட்டுகிறார்கள்?

பயனர் எந்த இடத்தில் ‘சரி’ என்று சொன்னார் என்பதைத் தேடுங்கள். காட்ட முடியவில்லை என்றால் பிழை அங்கேதான். ஆப்பிள் அன்றைக்கு ஐடியூன்ஸ் கடையின் முகப்பில் ஆல்பத்தைப் பெரிதாக வைத்து, ‘இலவசம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு பட்டன் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விரும்பியவர்கள் எல்லோரும் எடுத்திருப்பார்கள். விரும்பாதவர்கள் கடந்து போயிருப்பார்கள். அதே ஆல்பம், அதே விலை, அதே கடை. ஒரு தொடுதல் மட்டும் கூடுதல். அந்த ஒரு தொடுதலைச் சேமிக்கப் போய்த்தான் இத்தனை வசை.

இலவசம் என்பது காசு விஷயத்தில் மட்டும்தான் இலவசம். இடம், டேட்டா, கவனம், தன் லைப்ரரி தன் ரசனையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை, இவை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பாட்டு லைப்ரரி பலருக்கு நாட்குறிப்புக்குச் சமம். வருடக்கணக்கில் சேர்த்தது. அதில் அடுத்தவர் கையெழுத்தில் ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்தில் நல்லதே எழுதியிருந்தாலும் கிழிக்கத்தான் தோன்றும்.

அறிகுறி: அனுமதி கேட்டோம், அப்படியும் புகார் வருகிறது

என்ன அனுமதி கேட்டீர்கள் என்று பாருங்கள். யூ2வுக்கு முந்தைய வருடம், 2013 ஜூலையில், ராப் பாடகர் ஜே-ஸீயின் புதிய ஆல்பத்தைச் சாம்சங் நிறுவனம் 10 லட்சம் பிரதிகள் தலா 5 டாலருக்கு வாங்கி, தன் கேலக்ஸி போன் பயனர்களுக்கு ஒரு செயலி வழியாகக் கொடுத்தது. வேண்டியவர் மட்டும் செயலியை இறக்கிக்கொள்ளலாம். அந்த வரையில் சரியான வழி. ஆனால் அந்தச் செயலி போனின் இருப்பிடம், அழைப்பு நிலை, கணக்குகள் என்று பாட்டுக்குச் சம்பந்தமில்லாத அனுமதிகளைக் கேட்டது. ஃபேஸ்புக் அல்லது ட்விட்டர் கணக்கையும் கேட்டது. அமெரிக்காவின் தனியுரிமை அமைப்பு ஒன்று அரசின் வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. பாட்டைக் கொடுக்கப் பாட்டுக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள்.

அறிகுறி: எண்ணிக்கை பிரமாதமாக இருக்கிறது, பெயர் மட்டும் கெடுகிறது

இதில் நேர்மையாக இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட கணக்குப்படி 8.1 கோடிப் பேர் அந்த ஆல்பத்திலிருந்து ஏதாவது கேட்டிருந்தார்கள், 2.6 கோடிப் பேர் ஆல்பத்தை முழுவதுமாக இறக்கியிருந்தார்கள். 2003இல் கடை திறந்ததிலிருந்து யூ2வின் பாட்டுகளை ஐடியூன்ஸில் வாங்கியவர்கள் 1.4 கோடிப் பேர் என்றும் அதே நிறுவனம் சொன்னது. அப்படிப் பார்த்தால் ஒரே மாதத்தில் அந்தக் குழு எட்டிய தூரம் சாதாரணமில்லை. இந்த வழியாக யூ2வை முதன்முறையாகக் கேட்டு விரும்பியவர்கள் இருக்கவே செய்வார்கள். அவர்களைப் பொய்யாக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே எண்களை 50 கோடியோடு வைத்துப் பாருங்கள். முழுவதுமாக இறக்கியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சம். கேட்டவர்கள் நூற்றுக்கு பதினாறு. மீதி எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் கணக்கில் அது வெறும் இடம் பிடித்த பெயர். தானாக இறங்கியது எவ்வளவு, விரும்பி இறக்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் இந்த எண்ணால் முடியாது. எண்ணிக்கைப் பலகையில் எரிச்சலுக்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால் அனுப்பியதும் சேர்ந்ததும் மட்டும் எண்ணாமல், எத்தனை பேர் நீக்கினார்கள், எத்தனை பேர் நீக்குவது எப்படி என்று தேடினார்கள் என்பதையும் முதல் நாளிலிருந்து பாருங்கள்.

அறிகுறி: சக கலைஞர்களே எதிர்க்கிறார்கள்

பயனர்கள் கேட்டது ‘ஏன் கேட்காமல் வைத்தாய்’ என்று. இசை உலகம் கேட்டது வேறு: இவ்வளவு பெரிய குழு சும்மா கொடுத்தால், பாட்டு விற்றுப் பிழைக்கும் சிறிய குழுக்களின் கதி என்ன? பிரிட்டனில் இசை விற்பனையாளர்களின் சங்கம் இது இசையின் மதிப்பைக் குறைக்கிறது என்று கண்டித்தது. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் நிக் மேசனும் இதே கவலையைச் சொன்னார். போனோவின் பதில், தங்களுக்கு ஆப்பிள் பணம் கொடுத்தது, இலவச இசையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்பது. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பெறுபவருக்கு அந்தப் பணம் தெரிவதில்லை, பூஜ்யம் மட்டுமே தெரிகிறது. இந்த அறிகுறிக்கு என்னிடம் முழு மருந்து இல்லை. யார் பணம் கொடுத்தார்கள் என்பதை இலவசம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே அச்சடித்துவிடுவது குறைந்தபட்ச மரியாதை என்று மட்டும் சொல்வேன்.

அறிகுறி: மன்னிப்புக் கேட்டும் அடங்கவில்லை

2014 அக்டோபரில் ஃபேஸ்புக்கில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தபோது, ஆல்பம் தானாக வந்தது மரியாதைக் குறைவு என்று ஒருவர் சொன்னதற்குப் போனோ வருத்தம் தெரிவித்தார். கொஞ்சம் தற்பெருமை, கொஞ்சம் தாராளம், கொஞ்சம் விளம்பர ஆசை, பாட்டுகள் யார் காதிலும் விழாமல் போய்விடுமோ என்ற பெரிய பயம், எல்லாம் சேர்ந்து தங்களை இப்படிச் செய்ய வைத்தது என்று விளக்கினார். மனந்திறந்த பதில்தான். ஆனால் காரணம் சொல்லும் மன்னிப்பு அது. 2022இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில்தான் அவர் குழுவில் மற்றவர்களையோ, டிம் குக்கையோ குறை சொல்லாமல் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டார். நடுவில் எட்டு வருடம் போய்விட்டது. உங்கள் பக்கம் பிழை என்றால் நீக்கும் பட்டனும் பொறுப்பேற்கும் வாசகமும் ஒரே நாளில் வரட்டும். பட்டனை முதலில் வையுங்கள். விளக்கம் இரண்டு வரியில் போதும்.

அறிகுறி: நீக்கிவிட்டேன், இப்போது கேட்க வேண்டும் போலிருக்கிறது

இதுவும் நடக்கும், தவறில்லை. கோபம் வந்த வழியின் மேல்தான், பாட்டின் மேல் அல்ல. மறைத்தவர்கள் கணினியில் ‘அக்கவுன்ட்’ மெனு வழியாகக் கணக்கு அமைப்புகளைத் திறந்து, ‘ஹிட்டன் பர்ச்சேசஸ்’ பகுதியில் ‘மேனேஜ்’ கொடுத்து, ஆல்பத்துக்குக் கீழே ‘அன்ஹைட்’ அழுத்தினால் திரும்ப வந்துவிடும். பணம் கொடுக்க வேண்டாம். 2014இல் அந்தத் தனிப் பக்கம் வழியாக முழுவதும் நீக்கியவர்களுக்கு இது வேலை செய்யாது. இலவசக் காலம் அந்த வருடம் அக்டோபர் 13உடன் முடிந்துவிட்டது. மற்ற எந்த ஆல்பத்தையும் போல நீங்களே தேடி, வாங்கியோ ஸ்ட்ரீமிங்கிலோ கேட்டுக்கொள்ளலாம்.